அடுத்த வண்டி எது?
விஜயநகரிலிருந்து நகர மையம் வரை: நிகர பூஜ்ஜியத்துக்கு ஒரு குடும்பக் கணக்கு

மைசூரு நகரின் வடமேற்கே, ஹுன்சூர் சாலையை ஒட்டி விரிந்திருக்கும் விஜயநகர் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியாகும். முதற்கட்டம் தொடங்கி நான்காம் கட்டம் வரை படிப்படியாக வளர்ந்த இப்பகுதி, அகன்ற தெருக்களுக்காகவும் அமைதிக்காகவும் விரும்பப்படுகிறது. பணி ஓய்வு பெற்றோரும் இளங்குடும்பங்களும் இங்கே மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினர். மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்பகுதி புதிதன்று.

வீடு இங்கே அமைந்தாலும், வாழ்க்கைக்கு வேண்டிய பலவும் வேறிடங்களில் உள்ளன. தேவராஜ மார்க்கெட்டும் கே.ஆர். மருத்துவமனையும் ரயில் நிலையமும் பழைய நகரத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவன வளாகமும் ஹெப்பாள் பக்கம் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் சில கிலோமீட்டர் போய்வர வேண்டியுள்ளது. நடந்து செல்லச் சற்றுத் தொலைவு. காரை எடுக்கச் சற்று அருகு. இந்தியாவின் நடுத்தர நகரங்கள் அனைத்திலும் இத்தகைய குறும்பயணங்களே பெருகி வருகின்றன. நாடு முழுவதும் போக்குவரத்தால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது, நாம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவை இந்தக் குறும்பயணங்களே.

மூன்று வண்டிகள், ஒரு குறிக்கோள்

2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோவில் நடைபெற்ற ஐ.நா. பருவநிலை மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் இந்தியா நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டும் என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். ஒரு நாடு காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களின் அளவும், காடுகள் முதலியவற்றின் வழியே காற்றிலிருந்து மீட்கப்படும் அளவும் ஈடாகிவிட்டால் அந்நிலையே நிகர பூஜ்ஜியம் எனப்படுகிறது. வரவும் செலவும் சமமாக முடியும் கணக்கேடு போன்றது அது.

இந்தியாவின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போக்குவரத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி சாலை வாகனங்களால் நிகழ்வது. இரும்பு, சிமெண்ட் ஆலைகளின் உமிழ்வைக் குறைக்கும் முடிவு சில நூறு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சாலையில் ஓடும் வாகனங்களைப் பற்றிய முடிவோ கோடிக்கணக்கான குடும்பங்களின் கையில் இருக்கிறது.

2070 என்றதும் அது மிகத் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். தனிப்பயன் வண்டிக்கு வழங்கப்படும் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பெரும்பாலான குடும்பங்கள் தம் வண்டியை ஏறத்தாழ அவ்வளவு காலம் வைத்திருப்பதாகக் கொண்டால், 2070க்கு முன் ஒரு குடும்பம் மூன்று முறையே வண்டி மாற்றும். அம்மூன்றில் முதலாவது, நாம் அடுத்து வாங்கப்போகும் வண்டி. காலம் நீண்டதாயினும் வாய்ப்புகள் சிலவே.

முந்நூறு கிலோமீட்டரின் கணக்கு

விஜயநகரில் வசிக்கும் ஒருவர் ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மாதம் 25 நாள் சென்று திரும்புவதாகக் கொள்வோம். மாதத்துக்கு 300 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது; டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் எவரும் தம் பயணத்துக்குக் கணக்குப் போட்டுவிடலாம்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அவர் தனியாகச் சென்றால் மாதம் 20 லிட்டர் பெட்ரோல் செலவாகும். உமிழ்வு 46 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் சென்றால் ஏறத்தாழ ஆறேமுக்கால் லிட்டரே போதும். உமிழ்வு 15 கிலோ. மின்சார ஸ்கூட்டருக்கு, மின்னேற்றத்தின்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மாதம் சுமார் 10 யூனிட் தேவைப்படும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே மின்சார ஸ்கூட்டரின் உமிழ்வு 7 கிலோ. வண்டியிலிருந்து புகை வராவிட்டாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி பேருந்தைப் பார்ப்போம். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் டீசல் நகரப் பேருந்து, கிலோமீட்டருக்கு 600 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதில் 30 பேர் பயணம் செய்தால் ஒருவர் பங்கு கிலோமீட்டருக்கு 20 கிராம். மாதக் கணக்கில் 6 கிலோ. அதாவது, ஓரளவு நிறைந்த பழைய டீசல் பேருந்து, தனியொருவர் ஓட்டும் புதிய மின்சார ஸ்கூட்டரைவிடக் குறைவாகவே காற்றைக் கெடுக்கிறது. அதே பேருந்தில் 10 பேர் மட்டும் இருந்தால் ஒருவர் பங்கு 18 கிலோவாக உயர்ந்து பெட்ரோல் ஸ்கூட்டரையும் விஞ்சிவிடுகிறது.

இக்கணக்கு நமக்கு உணர்த்துவது ஒன்றே. வண்டிக்குள் இருப்பது எந்த இயந்திரம் என்பதைப் போலவே, அந்த வண்டியில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் முதன்மையானது. ஸ்கூட்டரில் இருவர் சேர்ந்து சென்றாலும், காரை நால்வர் பகிர்ந்துகொண்டாலும் ஒருவருக்கான உமிழ்வு அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்குப் புதிய வண்டியும் வேண்டியதில்லை, கடனும் வேண்டியதில்லை.

பேருந்து நிறைவதும் குறைவதும்

பயணிகளைப் பேருந்தின் பக்கம் ஈர்க்கும் முயற்சியில் மைசூரு பிற நகரங்களுக்கு முன்னோடியாக இருந்திருக்கிறது. பேருந்துக்காகக் காத்திருப்போரின் பெரிய குறை, அது எப்போது வரும் என்பது தெரியாமையே. 2012ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம், மைசூரு நகரப் பேருந்துகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பொருத்தி, பேருந்து வரும் நேரத்தை நிறுத்தங்களிலுள்ள மின்பலகைகளில் காட்டும் முறையைக் கொணர்ந்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு நடைபெற்ற அத்திட்டம், நாட்டில் இவ்வகையில் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

2023 ஜூன் 11 அன்று தொடங்கிய சக்தி திட்டம் மற்றொரு தடையை நீக்கியது. கர்நாடகத்தைச் சேர்ந்த பெண்கள் மாநில அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்றாயிற்று. மகளிர் நலனுக்காக வகுக்கப்பட்ட திட்டம் அது. எனினும் பேருந்து இருக்கைகளை நிறைத்ததன் வழியே சுற்றுச்சூழலுக்கும் அது துணை செய்கிறது.

இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த வண்டிக்கு மாறும்போது பேருந்தில் கூட்டம் குறைகிறது. கூட்டம் குறைந்த தடத்தில் நடைகளும் குறைகின்றன. முன்பு கால்மணிக்கு ஒன்றாக வந்த பேருந்து அரைமணிக்கு ஒன்றாக வரும்போது மேலும் சிலர் கடன் வாங்கி வண்டி வாங்குகின்றனர். இச்சுழலின் முடிவில் நிறுத்தத்தில் எஞ்சி நிற்பவர்கள் யார்? வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி, கல்லூரி மாணவி, வண்டி ஓட்ட இயலாத முதியவர். இன்று ஸ்கூட்டரில் விரைந்து செல்லும் நாமும் ஒரு நாள் அந்த முதியவரின் இடத்துக்கு வந்து சேருவோம். எல்லா வண்டிகளும் மின்சார வண்டிகளாக மாறிவிட்டாலும் இச்சிக்கல் தீராது, நெரிசலும் தீராது.

மத்திய அரசு 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த பிரதமர் மின்பேருந்து சேவைத் திட்டம், நாட்டின் நகரங்களுக்கு 10,000 மின்சாரப் பேருந்துகளை வழங்கும் நோக்குடையது. இவ்வழியில் சீனாவின் ஷென்ஜென் நகரம் நமக்கு முன்னே செல்கிறது. ஏறத்தாழ 16,000 பேருந்துகளையும் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் அது மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது.

இரு சக்கரம், இரு கால்

பேருந்து நிறுத்தம் வரையிலும், நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரையிலும் உள்ள கடைசித் தொலைவு பலரைச் சொந்த வண்டியின் பக்கம் தள்ளுகிறது. இதற்கு விடையாக மைசூரு 2017 ஜூன் மாதத்தில் ‘ட்ரின் ட்ரின்’ என்னும் மிதிவண்டிப் பகிர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 48 நிலையங்கள், 450 மிதிவண்டிகள் என்பது தொடக்கக் கணக்கு. ஒரு நிலையத்தில் மிதிவண்டியை எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். அரசுத் துறைகளும் மாநகராட்சியும் கைகோத்து இத்தகைய முறையை நகர அளவில் அமைத்தது நம் நாட்டில் அன்று புதுமையாகப் பேசப்பட்டது.

மிதிவண்டிப் பகிர்வு நிலைத்து நிற்க மூன்று தேவைகள் உண்டு. நிலையம் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். எடுக்கும் மிதிவண்டி பழுதின்றி இருக்க வேண்டும். சாலையில் அச்சமின்றி ஓட்ட இடம் வேண்டும். இவற்றுள் மூன்றாவதுதான் மிகக் கடினம். நெதர்லாந்தில் மக்களின் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் மிதிவண்டியில் நிகழ்கிறது. அந்நாடு 1970கள் முதல் மிதிவண்டிகளுக்கெனத் தனிப் பாதைகளை விடாது அமைத்து வந்ததன் பயன் அது. அகன்ற தெருக்களைக் கொண்ட விஜயநகர் போன்ற திட்டமிட்ட பகுதிகளில் அத்தகைய பாதைக்கு இடம் காண்பது, குறுகிய பழைய தெருக்களைவிட எளிது.

மின்சாரத்தின் ஊற்று எது?

மைசூரு நாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய முயற்சியால் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் 1902ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியது. அங்கிருந்து கோலார் தங்க வயலுக்கு நெடுந்தொலைவு கம்பி வழியே மின்சாரம் சென்றது. பின்னர் பெங்களூருவும் மைசூருவும் மின்விளக்கு பெற்றன. புகையில்லா மின்சாரம் இந்நாட்டுக்கு நேற்று வந்ததன்று.

இன்று கர்நாடகத்தில் நீர்மின்சாரத்தோடு காற்றாலைகளும், பாவகடாவில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரியமின் பூங்காவும் இயங்குகின்றன. அதேவேளையில் ராய்ச்சூர், பெல்லாரி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியும் எரிகிறது. மின்சார வண்டியின் நன்மை, அதில் ஏறும் மின்சாரம் இவற்றுள் எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒரு பெரிய மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவழிக்கிறது. நாட்டின் சராசரி மின்சாரத்தில் ஓடினால் அதன் உமிழ்வு 700 கிராம். நாம் மேலே கண்ட டீசல் பேருந்துக்கு ஏறத்தாழ நிகர். நகரத் தெருவில் புகை நீங்குவது உடனடி நன்மை. கரியமில வாயு குறைவதோ மின்கட்டமைப்பு தூய்மையாகத் தூய்மையாகவே கைகூடும். நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்து வருவதால் அம்மாற்றம் முழுப் பயனைத் தருகிறது.

இதில் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு கிலோவாட் திறனுள்ள கூரைச் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட், மாதத்துக்கு 120 யூனிட் தரும். நம் கணக்கிலுள்ள மின்சார ஸ்கூட்டருக்கு 10 யூனிட்டே போதும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. தனிவீடுகள் மிகுந்த விஜயநகரில் மொட்டை மாடிகளுக்குக் குறைவில்லை. பகலில் மின்னேற்றம் செய்ய இயன்றவர்கள் அவ்வாறே செய்வது நலம். சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் வேளை அதுவே.

சென்னைக்குச் செல்லும்போது

குறும்பயணங்களைப் போலவே நெடும்பயணங்களிலும் தெரிவு உண்டு. மைசூருவிலிருந்து சென்னை ஏறத்தாழ 480 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் ஒருமுறை சென்றால் 32 லிட்டர் பெட்ரோல் செலவாகி 74 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஸ்கூட்டரில் ஐந்து மாதம் அலுவலகம் சென்றுவந்ததற்கு நிகர் அது. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கப்பட்ட சென்னை–மைசூரு வந்தே பாரத், தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ரயில் என்னும் சிறப்புடையது. மின்சாரத்தில் ஓடும் இவ்வண்டி ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் பயணத்தை முடிக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜியத்தை எட்டுவதை இந்திய ரயில்வே தன் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை காரில் செல்வதை எளிதாக்கியிருக்கிறது. அதனாலேயே ரயிலைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்று மன உறுதியும் வேண்டியிருக்கிறது.

கடன் வாங்கும் முன்

இனி நமக்கு உரிய துறைக்கு வருவோம். மின்சார வண்டியின் விலை கூடுதல். ஓட்டும் செலவு குறைவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால், மாதம் 300 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 670 ரூபாயும் மின்சார ஸ்கூட்டருக்கு 70 ரூபாயும் ஆகும். மாதம் 600 ரூபாய் மிச்சம். இரு வண்டிகளின் விலை வேறுபாடு 24,000 ரூபாய் என்றால் அது 40 மாதங்களில் ஈடாகிவிடும்.

மாதம் 100 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு மிச்சம் 200 ரூபாயே. விலை வேறுபாடு ஈடாகப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் பேட்டரி முதுமை அடைந்துவிடும். ஆகவே நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள், பொருள் கொண்டுசேர்க்கும் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோருக்கு மின்சார வண்டி முதலில் பொருந்தும். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் செல்லும் ஓய்வு பெற்ற தம்பதியர், நல்ல நிலையிலுள்ள தம் பழைய ஸ்கூட்டரைக் கைவிட்டுக் கடன் வாங்க விரைய வேண்டியதில்லை.

வாங்க முடிவு செய்தவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். மின்சார வாகனங்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரிமியத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய இருப்பு வண்டியை வாங்குவோர் அது எப்போது தயாரானது என்று கேட்டறிவது நல்லது. பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் பெற வேண்டும். கடன் தவணைக் காலம் பேட்டரியின் உத்தரவாதக் காலத்தைத் தாண்டாமல் இருப்பது விவேகம்.

வண்டி வாங்காதவர்களுக்கும் வங்கியில் ஒரு வழி இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த பசுமை வைப்பு விதிமுறைகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவ்வாறு திரட்டப்படும் தொகையைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, தூய போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கே வங்கி வழங்க வேண்டும்; அது வெளியாரால் சரிபார்க்கப்படவும் வேண்டும். பிற வைப்புகளைப் போன்றே இவற்றுக்கும் வைப்புக் காப்பீடு உண்டு. வைப்பு செய்யும் முன் வட்டி விகிதத்தோடு, தொகை எங்கே செலவாகிறது என்னும் அறிக்கையையும் வாடிக்கையாளர்கள் கேட்டுப் பெறலாம்.

வரிசை முறை

மேற்கண்ட கணக்குகளைத் தொகுத்தால் எளிய வரிசை ஒன்று கிடைக்கிறது. நடக்கும் தொலைவுக்கு நடப்போம். மிதிவண்டியில் செல்லத்தக்க தொலைவுக்கு மிதிவண்டி. பேருந்தோ ரயிலோ இருக்கும் தடத்தில் அவை. அவை இல்லாத இடத்தில், நாள்தோறும் ஓடும் தேவைக்கு மின்சார வண்டி. கூடுமானவரை ஒருவருக்கு மேல் ஏறிச் செல்லும் வண்டி. கார் கடைசியில் வருகிறது.

வாகனக் கடன் வழங்கும் வங்கியின் இதழில் இவ்வரிசையைக் காண்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆறு கிலோமீட்டர்ப் பயணத்துக்காக ஏழாண்டுத் தவணையில் கார் வாங்கும் குடும்பம், அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் கல்விக்கோ கூரையில் சூரியத் தகட்டுக்கோ சேமித்திருக்கலாம். தேவைக்கு ஏற்ற கடன் குடும்பத்தை உயர்த்தும். தேவையற்ற கடன் அதை அழுத்தும். பழைய வண்டியை மாற்றும் எண்ணம் எழும்போது, காட்சியகத்துக்குச் செல்லும் முன், குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து ஒரு மாதத்தில் யார் எங்கே எத்தனை கிலோமீட்டர் செல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த வண்டி எது என்பதை மட்டுமன்று, வண்டி வேண்டுமா என்பதையும் அந்தத் தாள் சொல்லிவிடும்.